எந்தக் கை மேலே

மலேசியாவில், ஜொகூர் ரெங்கத்தில் சீனப் பிள்ளைகளுக்குச் சீன மரியாதை சொல்லிக்கொடுப்பவள் நான். பெயர் யோகேஸ்வரி. சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், பிறகு நேரம் இருக்காது.

அப்பா லாயாங் லாயாங் ரயில் ஸ்டேஷனில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். நடந்து போகிற தூரத்தில் இருந்தது சீனப் பள்ளி ஒன்றுதான், என்னை அங்கே தள்ளிவிட்டார். அந்தப் புண்ணியத்தில், எட்டு வருடத்துக்கு முன் இந்தப் பாலர் பள்ளியில் வேலை கேட்டுப் போனபோது, தலைமையாசிரியை மேடம் லிம் என் மாண்டரினைக் கேட்டு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். மரியாதை வகுப்பை என்னிடம் கொடுத்தார். கணக்கு, பாட்டு, படம் வரைவதெல்லாம் யார் வேண்டுமானாலும் எடுக்கிற வகுப்பு. இது ஒன்றுதான் என் வகுப்பு. இந்த ஊரில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வேறு எதுவும் கிடையாது, என் வீட்டுக்காரர் தியாகராஜாவைத் தவிர. அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல முடியாது.

முதல் பாடம் 'ஜியாவ் ரென்'. ஆளைக் கூப்பிடு என்று அர்த்தம். பெரியவர்களையோ விருந்தாளியையோ கண்டால் மற்ற எதற்கும் முன்னால் முறை சொல்லிக் கூப்பிட வேண்டும். அப்பாவின் அண்ணனுக்கு ஒரு முறை, தம்பிக்கு ஒரு முறை, அம்மாவுடன் பிறந்தவருக்கு இன்னொன்று. பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று வளர்ந்தவளுக்கு இதில் என்ன கஷ்டம்? ஊரில் உள்ள எல்லோரையும் 'அங்கிள்' என்று ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுகிற பெற்றோருக்குத்தான் தலை சுற்றியது. வகுப்புத் தரையில் சாக்கட்டியால் ஒரு வாசல் வரைவேன். உள்ளே நிற்கிறவரைக் கூப்பிடாமல் யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது. உன்னோடு வந்தவர் கூப்பிடவில்லையா, அவர் கூப்பிடும்வரை நீயும் வெளியே நிற்க வேண்டும். பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு என்றால் உயிர்.

இரண்டாவது பாடம் கும்பிடு. ஆண்பிள்ளைகள் வலக்கையை முஷ்டியாக்கி, அதன் மேல் இடக்கையை மூட வேண்டும். மாற்றி வலக்கை மேலே வந்தால் அது சாவு வீட்டு வணக்கம். நாலாம் வகுப்பில் எங்கள் ஆசிரியர் இறந்தபோது அவர் வீட்டு வாசலில் நின்று நானே பார்த்தது, சாகும்வரை மறக்காது. ஆனால் ஐந்து வயதுப் பையனுக்கு இடது எது, வலது எது என்று எப்படித் தெரியும்? அவன் அப்பனுக்கே ரவுண்டபவுட்டில் சந்தேகம் வருகிறது. அதனால் பையன்களின் இடது மணிக்கட்டில் சிவப்புக் கம்பளி நூல் கட்டிவிட்டேன். சிவப்புக் கை மேலே, அவ்வளவுதான். எட்டு வருடத்தில் ஒருத்தனும் தவறியதில்லை. பெண்பிள்ளைகள் ஆரஞ்சுப் பழத்தை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுப்பார்கள், அவர்களுக்கு நூல் தேவையில்லை. இந்த வருடம் ஷின்யி என்ற குட்டி தனக்கும் வேண்டும் என்று அழுது புரண்டாள். போனால் போகிறது என்று அவளுக்கும் ஒன்று கட்டினேன்.

அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

ஷின்யியின் அம்மா ஜெனிஃபர் ஆன்லைனில் முகக்கிரீம் விற்கிறவர். இரண்டு வருடமாகக் காலையில் காரில் மகளைக் கொண்டுவந்து இறக்குகிறார். ஃபோன் காதில் இருக்கும், பார்வை ரோட்டில் இருக்கும். பள்ளி வாசலில் நிற்கிற என்னை அவர் பார்த்ததே இல்லை. நான் கொஞ்சம் ஒல்லி, கண்ணுக்குத் தெரியாது போலிருக்கிறது, எழுபத்தெட்டு கிலோதான். ஆனால் மகள் கையில் இருந்த நூல் மட்டும் அன்றைக்கே தெரிந்துவிட்டது. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். டீச்சர் நம் பிள்ளைகளுக்குக் கோயில் கயிறு கட்டுகிறாராம். நம் பண்பாட்டைச் சொல்லிக்கொடுக்க நம் ஆளே கிடைக்கவில்லையா என்று ஒரு கேள்வி வேறு. கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். ஸ்டேஷனரிக் கடையில் வாங்கிய கம்பளிக்கு இவ்வளவு தெய்வசக்தி இருப்பது எனக்கும் அன்றுதான் தெரியும்.

மேடம் லிம் என்னைக் கூப்பிட்டு, தேனில் தோய்த்த குரலில், சீனப் புத்தாண்டு விழா முடியும்வரை ரெஸ்ட் எடுத்துக்கொள்ளச் சொன்னார். வகுப்பு யாருக்கு என்பதை விழாவுக்கு அப்புறம் பார்க்கலாமாம். சிங்கப்பூரிலிருந்து ஆல்வின் என்ற பயிற்சியாளர் வந்து இறங்கினார். கன்னத்தில் ஒட்டிய மைக், ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு நாற்பது ஸ்லைடு. வந்ததும் முதல் காரியமாக நூலையெல்லாம் கத்தரித்துக் குப்பையில் போட்டார். எனக்கு மேடைத் திரையில் ஊசி குத்துகிற உத்தியோகம் கிடைத்தது.

அந்தத் திரைக்குப் பின்னால் நின்றுதான் ஒத்திகையைப் பார்த்தேன். ஆல்வின் பையன்களைப் பார்த்து நின்றுகொண்டு தன் இடக்கையை மேலே வைத்துக் காட்டினார். பிள்ளைகள் கண்ணாடி பார்க்கிற மாதிரி, அவர் கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக் கையையே மேலே வைத்தார்கள். அவருக்கு இடது, அவர்களுக்கு வலது. பதினாறு பையன்கள் பல் தெரியச் சிரித்துக்கொண்டு சாவு வீட்டு வணக்கம் வைத்தார்கள்.

சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன். ஆல்வின் குனிந்து தன் கையைப் பார்த்து, இடதுதானே மேலே இருக்கிறது என்றார். உங்கள் கை சரி சார், பிள்ளைகள் கையைப் பாருங்கள் என்பதற்குள் அடுத்த ஸ்லைடு வந்துவிட்டது. மேடம் லிம்மிடம் போனேன். பொறாமை வேண்டாம் யோகா என்று முதுகில் தட்டிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து தியாகராஜாவிடம் கொட்டினேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"நீ பேசாம இரு லா. மேடையில மானம் போகட்டும். அப்புறம் அவங்களே உன்னைத் தேடி வந்து கிளாஸைக் கையில குடுப்பாங்க."

முப்பது வருடத்தில் அவர் சொன்ன ஒரே உருப்படியான யோசனை. எனக்கு மறுப்பே இல்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் வகுப்பு என்னுடையது, இதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் உண்டா? விழாவன்று நல்ல பட்டாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, வேடிக்கை பார்க்கப் போனேன். பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் போனேன்.

முதல் வரிசை நடுவில் ஊர்ப் பெரிய முதலாளி ஓங் தவுக்கே உட்கார்ந்திருந்தார். பள்ளிக் கட்டடம் அவர் கொடுத்தது. எண்பத்தெட்டு வயது, இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து போன வாரம்தான் வீட்டுக்கு வந்தவர். புத்தாண்டுக்கென்று வாங்கிய சிவப்புச் சட்டை, கழுத்துப் பட்டனைப் போட்டும் காலர் இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத் தொளதொளத்தது. மேடையில் பையன்கள் வரிசையாக வந்து நின்றதும் மனிதர் கைத்தடியைப் பக்கத்தில் சாத்திவிட்டு, திரும்பக் கும்பிடுவதற்காக நடுங்குகிற இரண்டு கையையும் தயாராகத் தூக்கி வைத்துக்கொண்டார். பையன்கள் முஷ்டியைப் பிடித்தார்கள், வலக்கை மேலே போகத் தொடங்கியது.

பாழாய்ப் போன அந்தக் காலர். அதை மட்டும் நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. பட்டுச்சேலையோடு ஓடிப்போய் மேடைக்கும் முதல் வரிசைக்கும் நடுவில் நின்றேன். பேச நேரமில்லை. பிள்ளைகளைப் பார்த்து நின்று, கண்ணாடிக் கணக்குப்படி என் வலக்கையைத் தூக்கி முஷ்டிக்கு மேலே வைத்துக் காட்டினேன். எட்டு மாதம் என்னிடம் படித்த பிள்ளைகள் ஆயிற்றே, பதினாறு பேரும் ஒரே நேரத்தில் கையை மாற்றினார்கள். இடக்கை மேலே வந்தது. அழகாகக் குனிந்து கும்பிட்டார்கள். நான் விலகியதும் தவுக்கே திரும்பக் கும்பிட்டார், கை தட்டினார், ஆல்வினைக் கூப்பிட்டு முதுகில் தட்டிப் பாராட்டினார்.

என் பங்கு சாயங்காலம் வாட்ஸ்அப்பில் வந்தது. ஜெனிஃபர் ஓரத்திலிருந்து வீடியோ எடுத்திருந்தார். பெரியவர் முகத்துக்கு நேரே என் முதுகு, முதுகு என்று நாகரிகத்துக்குச் சொல்கிறேன். அடுத்து என் கை, வலது மேலே இருப்பது பளிச்சென்று தெரிந்தது. இப்போது எங்கிருந்தோ எல்லோருக்கும் ஞானம் வந்துவிட்டது, வலக்கை மேலே வைத்தால் சாவு வணக்கம் என்று ஆளுக்கு ஆள் எழுதினார்கள். பிள்ளைகள் சரியாகச் செய்ய, டீச்சருக்குத்தான் ஒன்றும் தெரியவில்லையாம். ஆல்வின் வந்ததால் நம் பிள்ளைகள் தப்பினார்களாம்.

மறுநாள் மேடம் லிம்மிடம் கண்ணாடிக் கணக்கை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, பெரியவருக்கு முதுகைக் காட்டியது வீடியோவில் இருக்கிறதே என்றார். மரியாதை தெரியாதவரிடம் மரியாதை வகுப்பைக் கொடுக்க முடியாதாம். வாசலில் கார்க் கதவு திறந்துவிடுகிற வேலை இருக்கிறது, விருப்பமிருந்தால் செய்யலாமாம். விஷயத்தைக் கேட்ட தியாகராஜா, நான்தான் பேசாமல் இருக்கச் சொன்னேனே என்றார். அன்றிரவு அவருக்கு ரசம் மட்டும்தான்.

திங்கட்கிழமை காலை வாசலில் நின்றேன். அழுகையை விழுங்கிக்கொண்டுதான் நின்றேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஏழாவதோ எட்டாவதோ காராக ஜெனிஃபர் வந்தார். வழக்கம்போல ஃபோன் காதில். கதவைத் திறந்தேன், ஷின்யி பையோடு குதித்து இறங்கினாள்.

"லாவ்ஷி, ஸாவ்" என்றாள். டீச்சர், காலை வணக்கம்.

சொல்லிவிட்டு உள்ளே போகவில்லை. கேட்டுக்கு முன்னால் காலைச் சேர்த்து வைத்து நின்றாள். பின்னால் நின்ற கார் ஹாரன் அடித்தது. போ என்று ஜெனிஃபர் கையை ஆட்டினார். ஷின்யி கேட் ஓடுகிற இரும்புத் தண்டவாளத்தைக் குனிந்து பார்த்தாள். சாக்கட்டிக் கோடு மாதிரி அது அவள் காலுக்கு முன்னால் நீளமாகக் கிடந்தது. திரும்பி வந்து அம்மா பக்கத்துக் கார்க் கண்ணாடியைத் தட்டினாள். கண்ணாடி பாதி இறங்கியது.

"மம்மி, நீ இன்னும் ஆளைக் கூப்பிடல. நீ கூப்பிட்டாத்தான் நான் உள்ள போக முடியும்."

இன்னும் இரண்டு கார்கள் ஹாரன் அடித்தன. ஜெனிஃபர் மகளைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்தார். இரண்டு வருடத்தில் முதல்முறை. ஃபோனைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்தார்.

"லாவ்ஷி, ஸாவ்" என்றார்.

"ஸாவ்" என்றேன்.

அதற்குப் பிறகுதான் ஷின்யி உள்ளே போனாள்.