தொட்டில் விமானம்

போர் முடிந்து முப்பத்தெட்டு வருடம் ஆன பிறகும் தச்சரின் தம்பி தரையிறங்கவில்லை. ஊருக்கு மேலே தன் போர்விமானத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். அந்த ரகத்தில் மொத்தம் ஒன்பதே விமானங்கள் செய்யப்பட்டன. போரின் கடைசி வருடம் அலுமினியம் தீர்ந்துபோனதால், மரத்திலேயே செய்துகொடுக்கச் சொல்லி ஊரிலிருந்த தொட்டில் பட்டறைக்கு உத்தரவு வந்தது. பட்டறையில் மூத்த ஆளான தச்சர், நமக்கென்ன, பறந்தால் சரி என்று வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு இழைப்புளியை எடுத்தார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மாவா? காலமெல்லாம் தொட்டில் செய்த கை, விமானி உட்காரும் இடத்தையும் தொட்டில் வளைவிலேயே இழைத்துவிட்டது. அளந்து பார்த்த அதிகாரிகளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஏறிய விமானிகள் எல்லோரும் மேகத்தைத் தொட்டதும் தூங்கிப்போனார்கள். எட்டு விமானங்கள் வயல்களில் அலுங்காமல் இறங்கின. விமானிகளை ஆளுக்கொரு அதட்டுப் போட்டு எழுப்பிக் காவலில் வைத்தார்கள். விமானங்களை அடுப்புக்கு உடைத்தார்கள். ஒன்பதாவதில் போனவன்தான் தச்சரின் தம்பி. சின்ன வயதிலிருந்தே படுத்தால் இடி விழுந்தாலும் அசையாத ஆள். கல்யாணமாகி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. பெட்ரோல் தீர்ந்தும் அவன் விமானம் ஊரையே சுற்றிச் சுற்றி வந்தது. அதிலிருந்து ஒரு குண்டுகூடப் பாயவில்லை. ஊரை விட்டு நகராமல் காவல் காக்கிறான் என்று, போரை மூட்டிய அரசாங்கமே அவன் மனைவிக்குப் பதக்கமும் அனுப்பியது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்றால் இதுதான்.

அவள் மறுநாளே வந்து நின்றாள். "மாமா, நீங்க ஒரு அதட்டுப் போட்டா எந்திரிச்சிருவாரு."

"இப்ப எழுப்பினா வேற விமானத்துல ஏத்தி அனுப்பிடுவாங்கம்மா. சண்டை முடியட்டும்" என்றார் தச்சர். நியாயமான பேச்சு. சண்டை முடிந்தது; ஜெயித்தவர்கள் தோற்ற தரப்பு விமானிகளைத் தேடிப் பிடித்தார்கள், அது அடங்கட்டும் என்றார். அப்பா செத்துப்போனார், கண் விழித்ததும் இதையா சொல்வது, துக்கம் ஆறட்டும் என்றார். பட்டறை நொடித்தது, வீடு தலையெடுக்கட்டும் என்றார். தூங்குகிற தம்பி சாகமாட்டான் என்பதுதான் உண்மையான காரணம். அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டாவது எழுப்ப வைத்திருப்பாள். இதற்குள் விமானம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, மொட்டைமாடிக் கொடிக்கயிற்றின் உயரத்துக்கு வந்துவிட்டது. தினமும் நடுப்பகலில் அது கடக்கும்போது, அவள் கோலில் ஈரத்துணி கட்டி அதன் கண்ணாடியைத் துடைப்பாள். உள்ளே அவன் இருபத்தாறு வயதில் வாயைத் திறந்துகொண்டு கிடப்பான். ஒருநாள் துடைத்த கண்ணாடியில் தன் முகத்தையும் பார்த்துவிட்டாள்.

"இனிமே எழுப்பாதீங்க மாமா. யார் இந்தப் பெரியம்மான்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

அன்றைக்குத்தான் தச்சர் இப்போதே எழுப்புகிறேன் என்று கிளம்பினார். அவள் மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு படுத்தாள், தேறவில்லை. காரியங்கள் முடிந்ததும் தச்சர் அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க மாடி ஏறினார். பாழாய்ப்போன புத்தி, நாலு மாதத்துக்கு மேல் அந்தப் பெண்ணை வாழவிடவில்லையே என்று படிக்குப் படி தலையில் அடித்துக்கொண்டார். விமானம் வந்ததும் இறக்கையை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினார்.

"டேய், எந்திரிடா! எல்லாம் முடிஞ்சுபோச்சுடா!"

தெருவில் போனவர்கள் பையும் கையுமாக அண்ணாந்து பார்த்தார்கள். தம்பி முகத்தைச் சுளித்தான். கன்னத்துக்குக் கீழே கையை வைத்து அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

"இன்னும் அஞ்சே நிமிஷம்ண்ணே."

இத்தனை வருடமும் அவளிடம் தவணை கேட்டவர் தச்சர். இப்போது முடியாது என்று எந்த வாயால் சொல்வார்?

"சரி, தூங்குடா" என்று கையை விட்டார். அன்று முதல் அந்தத் தெருவில் நடுப்பகலில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. புதிதாகக் குடிவருபவர்களிடம் வீட்டுக்காரர்கள் வாடகையைச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறார்கள்.