இடைஞ்சல் எண் நான்கு

வெட்டிய எலுமிச்சை மரம் மறுநாள் காலை ஏழு மணிக்கு வரவேற்பறையில், ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளரின் சாய்வு நாற்காலியைத் துளைத்துக்கொண்டு முளைத்தது. எட்டரைக்கு மின்விசிறியை எட்டியது. பத்து மணிக்குக் காய்த்தது.

ஓய்வு பெற்ற மறுவாரமே அவர் பின்முற்றத்தைத் தன் கையாலேயே திருத்தியமைக்கக் கிளம்பியிருந்தார். ஆள் வைப்பது கௌரவக் குறைச்சல். மண்வெட்டி பிடிப்பதைக் காணொளி பார்த்துக் கற்றார். கட்டம்போட்ட தாளில் புல்வெளி, கூழாங்கல் பாதை, நீரூற்று எல்லாம் வரைந்து, முன்மொழிந்தவர், பரிசீலித்தவர், ஒப்புதல் அளித்தவர் என்ற மூன்று இடத்திலும் மூன்று நிற மையில் அவரே கையெழுத்திட்டார். அவர் மனைவி முப்பது வருஷமாகத் தையல் இயந்திரம் போட்டு உட்கார்ந்து, தெருவில் பாதிப் பேருக்குச் சட்டை தைத்தது அந்த மரத்தின் நிழலில்தான். அணில் கூடு, துவைக்கிற கல், துணிக்கொடி ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகப் படத்தில் மரத்துக்குப் பெயர் 'இடைஞ்சல் எண் நான்கு'. புல்வெளியும் நீரூற்றும் முடிந்ததும், மனைவி நூல் வாங்கப் போன இரண்டு மணி நேரத்தில் நான்கும் அகற்றப்பட்டன.

திரும்பி வந்தவள் பையைக் கீழே வைக்கவில்லை.

"யாரைக் கேட்டு வெட்டுனீங்க?"

"ஒப்புதல் ஆயிடுச்சும்மா. கோப்புல இருக்கு."

"தண்ணி ஊத்துனது நான். உங்க கோப்பா வந்து ஊத்துச்சு?"

அதுதான் அவள் அவரிடம் கடைசியாகப் பேசியது. அன்று அவள் கடந்துபோன இடத்தில் குடத்துத் தண்ணீர் தானாகக் கொதித்தது.

வரவேற்பறை மரத்தையும் அவர் வெட்டினார். அடுத்த நாள் அது முன்னிலும் பருத்து நின்றது. கூடவே துணிக்கொடியும் வந்து சுவருக்குச் சுவர் கட்டிக்கொண்டது. இன்னொரு முறை வெட்டினார். துவைக்கிற கல் வந்தது. மூன்றாம் முறை அணில்கள் குடும்பத்தோடு வந்தன. கூரை ஓடுகள் ஒதுங்கி வெயிலுக்கு வழிவிட்டன. உள்ளே இடம் போதாமல் சோபாவும், பாராட்டுப் பத்திரங்கள் அடங்கிய கண்ணாடி அலமாரியும் புல்வெளிக்குப் போயின. வெள்ளிக்கிழமை காலை அவர் கண் விழித்தபோது கட்டிலோடு நீரூற்றின் பக்கத்தில் இருந்தார். பின்கதவு அவர் கைக்கு மட்டும் திறக்கவில்லை.

மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் எட்டிப் பார்த்தார். "என்ன சார், காத்து நல்லா வருதா? திட்டம்னா இதுதான் திட்டம்!"

கண்காணிப்பாளர் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். கட்டிலை உள்ளே கொண்டுபோவதற்குப் புதுப் படம் வரைந்து, மூன்று பிரதிகளைச் சமையலறை ஜன்னல் வழியே நீட்டினார். மனைவி பல்லில் நூலைக் கடித்தபடி வாங்கினாள். துணியில் குறிபோடும் சாக்கட்டியால், படத்திலிருந்த கட்டிலின் மேல் 'இடைஞ்சல் எண் ஐந்து' என்று எழுதி, மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அவர் கண்ணாடி போட்டு வரிவரியாகச் சரிபார்த்தார். நடைமுறையில் ஒரு குறையும் இல்லை. கோப்பில் சேர்த்துக்கொண்டார்.

நான்கு வருஷம் ஆகிறது. அளவு கொடுக்க வருகிறவர்கள் செருப்பைப் புல்வெளியில் விட்டு, சாருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, வரவேற்பறை மரத்தடிக்குப் போகிறார்கள். மழை நாளில் ஜன்னல் வழியே ஒரு குடை வரும். பேச்சு வராது.