குழிக்குள் இருந்த காற்று

ஜேடர்பாளையம் சாலையில் இருந்த இளஞ்செழியனின் கோழிப்பண்ணைக்கு அன்புச்செல்வி மாதம் இரண்டு முறை வருவாள். கருவுள்ள முட்டைகள் அறுபது வாங்கிக்கொண்டு நாமக்கல்லில் இருக்கும் தன் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிவிடுவாள். ஆக்சிஜன் குறைவதை உயிரணுக்கள் எப்படித் தெரிந்துகொள்கின்றன, தெரிந்ததும் என்ன செய்கின்றன என்பதுதான் ஆறு வருடமாக அவள் ஆராய்ச்சி. முட்டைகளைக் காற்றுப் புகாத பெட்டியில் வைத்து, உள்ளே ஆக்சிஜனைப் படிப்படியாகக் குறைத்து, வளரும் குஞ்சின் இதயத்திலிருந்து உயிரணுக்களை எடுத்துப் பார்ப்பாள். பண்ணையின் குஞ்சு பொரிப்பகத்துக் காற்றையும் ஒவ்வொரு முறையும் அளந்து குறித்துக்கொள்வாள். அதற்காகக் கைக்கு அடக்கமான ஆக்சிஜன் மீட்டர் ஒன்று எப்போதும் அவள் பையில் இருக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணி இருக்கும். முட்டை அட்டைகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது தீவன ஆலைப் பக்கமிருந்து ஓர் அலறல் கேட்டது.

"அண்ணன் உழுந்துட்டாருங்க! குழிக்குள்ள உழுந்துட்டாரு!"

அன்புச்செல்வி ஓடினாள். மக்காச்சோளத்தை மேலே ஏற்றும் எலிவேட்டரின் அடியில் ஆளிறங்கும் அளவுக்கு ஒரு குழி. பத்தடி ஆழம். மோட்டார் பழுதாகி ஒரு வாரமாக மூடிக் கிடந்தது. மழையில் நனைந்த சோளம் அடியில் புளித்துப்போயிருந்தது. அதை வழித்தெடுக்கத்தான் ஆலைத் தொழிலாளி கருப்பண்ணன் இறங்கியிருந்தார். இப்போது இரும்பு ஏணியின் கீழே, சுவரில் சாய்ந்தபடி, தலை தொங்கக் கிடந்தார். அவர் தம்பி மாதேஸ்வரன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்துவிட்டான்.

"இறங்காதீங்க!" என்று கத்தியபடி அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள்.

"உடுங்க மேடம்! எங்கண்ணன் சாவறாருங்க!"

"நீங்களும் போய் விழுவீங்க தம்பி. ஒரு நிமிசம். ஒரே நிமிசம்."

மூட்டை கட்டும் சணலில் மீட்டரைக் கட்டிக் குழிக்குள் விட்டாள். வாயருகே இருபது காட்டியது. பாதி ஆழத்தில் பதிமூன்று. கருப்பண்ணனின் தோளுக்கு மேலே நின்றபோது எட்டுப் புள்ளி இரண்டு. திரையில் ஒளிர்ந்த எண்ணை எல்லோருக்கும் சுட்டிக் காட்டிவிட்டு மீட்டரை அங்கேயே தொங்கவிட்டாள்.

"நாம இழுக்கற காத்துல நூத்துக்கு இருபத்தொண்ணு ஆக்சிஜன் இருக்கும். கீழ எட்டுதான் இருக்கு. புளிச்ச சோளம் மிச்சத்தத் தின்னுருச்சு. இறங்கினா ரெண்டு நிமிசம் தாங்க மாட்டீங்க."

"அப்ப எங்கண்ணன இப்பிடியே உடச் சொல்றீங்களா?" மாதேஸ்வரன் அவள் கையை உதறினான். உதறிய வேகத்தில் அவள் முதுகு இரும்புத் தூணில் மோதியது.

சுற்றி நின்ற இருவர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். அதில் ஒருவர் பெரியவர். "கொஞ்சம் பொறு சாமி. அந்தம்மா இதுக்குன்னே படிச்சவங்க" என்றார்.

அந்த வார்த்தைதான் அன்புச்செல்வியைப் பயமுறுத்தியது. அவள் படித்தது உயிரணுக்களை. அவள் பெட்டியில் எண்ணைக் குறைப்பதும் கூட்டுவதும் ஒரு குமிழைத் திருகும் வேலை. இங்கே திருக எதுவும் இல்லை. எட்டு சதவீதத்தில் ஒரு மனிதனின் மூளை எத்தனை நிமிடம் தாங்கும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

"தூசி ஊதற கம்ப்ரஸர் எங்க இருக்கு?"

இரண்டு பேர் ஓடிப்போய்த் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதன் குழாயை ஒரு மூங்கிலின் முனையில் சேர்த்துக் கட்டச் சொன்னாள். மூங்கிலைக் கீழே இறக்கி, குழாயின் வாய் கருப்பண்ணனின் மூக்கருகே வரும்படி பிடித்துக்கொண்டாள். மோட்டார் உறுமியது. கீழே சோளத் தவிடு பறந்தது. அவருடைய நரைத்த மீசை காற்றில் அசைந்தது. அவர் அசையவில்லை.

பதினொன்று முப்பத்தேழு. மீட்டர் பத்து காட்டியது.

தீயணைப்பு வண்டி பரமத்தியைத் தாண்டிவிட்டதாகப் போனில் சொன்னார்கள். இன்னும் பத்து நிமிடமாவது ஆகும். மாதேஸ்வரன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு குழியின் விளிம்பில் குந்தியிருந்தான். அவன் பார்வை அண்ணனை விட்டு நகரவில்லை.

"எவ்வளவுங்க?"

"பன்னெண்டு."

"இப்ப?"

"பதினாலு. பொறுங்க."

"மூச்சு உடறாருங்களா? நெஞ்சு ஏறுதா பாருங்க!"

அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சு ஏறியது போலவும் இருந்தது, சட்டைதான் காற்றில் புடைக்கிறது போலவும் இருந்தது.

பதினாறு. பதினேழு. அங்கேயே நின்றது. மீட்டர் பத்தொன்பதரைக்குக் குறைவாகக் காட்டினால் யாரும் உள்ளே இறங்கக்கூடாது என்பது அவள் மாணவர்களுக்குச் சொல்லும் விதி. மீட்டர் பதினெட்டைத் தொட்டது. கீழே கருப்பண்ணனின் உதடு கருநீலமாகிக்கொண்டிருந்தது.

"போங்க," என்றாள். "காத்துக் குழாயை உங்க மொகத்துக்கிட்டயும் வச்சுக்கங்க. தல சுத்துனா கயித்த ஒரு இழு இழுங்க. தூக்கிருவோம்."

அவன் இறங்கினான். அண்ணனின் அக்குளுக்குள் கயிற்றைக் கொடுத்து முடிச்சுப் போட்டான். விரல்கள் தடுமாறி முடிச்சு ஒருமுறை நழுவியது. மறுபடி போட்டான். மேலே எட்டுப் பேர் இழுத்தார்கள். முதலில் அண்ணன் வந்தார், பிறகு இருமிக்கொண்டே தம்பி. சிமெண்டுத் தரையில் கிடத்தி அன்புச்செல்வி வாயோடு வாய் வைத்து ஊதினாள். நான்காவது முறை ஊதியபோது கருப்பண்ணனின் தொண்டையில் ஒரு கரகரப்பு கேட்டது. ஆம்புலன்ஸ் வந்தபோது அவர் தானாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். கண் திறக்கவில்லை.

மாலையில் மருத்துவமனை வராந்தாவில் இளஞ்செழியன் அவளைத் தனியே அழைத்தார்.

"மேடம், வைத்தியம் பூரா என் பொறுப்பு. ஆனா போலீசுல அந்த மீட்டரு நம்பரெல்லாம் சொல்லிட்டு இருக்காதீங்க. ஏணில கால் வழுக்கிருச்சுன்னு இருக்கட்டும். வருசக்கணக்கா உங்களுக்கு முட்ட குடுத்துட்டு இருக்கறேன், நாளைக்கும் குடுக்கோணுமில்லீங்களா?"

அவளுடைய பெட்டிக்குள் அப்போது ஒன்பதாம் நாள் முட்டைகள் இருந்தன. அதே கோழிகளின் முட்டை தொடர்ந்து கிடைக்காவிட்டால் மூன்று வருடக் கணக்கு ஒப்பிட எதுவும் இல்லாமல் நின்றுவிடும். அவள் உள்ளே போய், வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்த ஏட்டிடம் காகிதம் கேட்டு வாங்கினாள். எத்தனை மணிக்கு எந்த ஆழத்தில் எவ்வளவு இருந்தது என்று வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த முறை அவளுக்கு முட்டை கிடைக்கவில்லை. தொழிற்சாலை ஆய்வாளர்கள் வந்து குழியைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். ஆத்தூர்ப் பக்கம் வேறொரு பண்ணையைத் தேடிப் பிடித்து, ஆராய்ச்சியை முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

கருப்பண்ணன் இரண்டாம் நாள் கண் திறந்தார். நான்காம் நாள் மனைவி சாலம்மாளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். இடது கை மட்டும் சொன்னபடி கேட்கவில்லை.

பார்க்க வந்த அன்புச்செல்வியிடம் சாலம்மாள் கேட்டாள். "அவ்வளவு நேரம் காத்தில்லாம கெடந்தாருங்களே, ஒடம்பு எப்பிடிங்க தாங்குச்சு?"

"நம்ம ஒடம்புல இருக்கற ஒவ்வொரு உயிரணுவும் ஒரு புரதத்த ஓயாம செஞ்சுட்டே இருக்குங்கக்கா. ஆக்சிஜன் இருக்கறவரைக்கும் செஞ்ச கையோட அழிச்சும் போட்டுரும். ஆக்சிஜன் கொறஞ்சா அழிக்கறது நின்னுரும். அந்தப் புரதம் சேந்து சேந்து, செலவக் கொறன்னு உயிரணுவுக்குச் சொல்லும். ஆனா அதுக்கு நேரம் வேணும். மூளைக்கு அந்த நேரம் கெடைக்காது. அண்ணன் பொழச்சது கொழாய்க் காத்துலதான். இன்னும் ரெண்டு மூணு நிமிசம் போயிருந்தா..."

மாதேஸ்வரன் கட்டிலின் அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவள் கிளம்பியபோது கூடவே வெளியே வந்தான்.

"நான் எறங்கறப்ப மீட்டருல பதினெட்டுதானுங்களே. அது போதுமுங்களா?"

"போதாது தம்பி."

"தெரிஞ்சுதான் எறக்கினீங்களா?"

"ஆமா. முன்னாடியே விட்டிருந்தா நீங்க போயிருப்பீங்க. இன்னும் பொறுத்திருந்தா அவர் போயிருப்பாரு. அந்த நேரத்துல எது சரின்னு எனக்குத் தெரியல. இப்பவும் தெரியல."

அவன் அவள் முதுகுப் பக்கம் பார்த்தான்.

"முதுகுல பலமா பட்டுருச்சுங்களா அன்னைக்கு?"

"வலி இன்னும் இருக்கு."

"டீ குடிச்சுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு, அவள் பதிலுக்குக் காத்திராமல் கடையை நோக்கி நடந்தான். அவளும் பின்னாலேயே போனாள்.