குடும்பத்துடன் வரவும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, கிடைத்தது. 2004 சித்திரையில், அவினாசி ரோட்டு டீக்கடையில் வடை மடித்துத் தந்த பத்திரிகைத் துண்டில் ஒரு விளம்பரம் இருந்தது: "மாருதி 800 விற்பனைக்கு. ஒரே ஓனர். சாமளாபுரம். குடும்பத்துடன் வரவும்."

விலை இல்லை, மாடல் இல்லை. கார் விற்கிறவருக்கு வாங்குகிறவனின் குடும்பம் எதற்கு? வடை ஆறிப்போனதுதான் மிச்சம். போய்ப் பார்த்திருக்கலாம். எனக்குக் காரும் வேண்டாம், குடும்பமும் கிடையாது. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

2

"முனீஸுக்குக் கார் ஆசை வந்தது ஒரு—"

(வேண்டாம். ஆசை என்றால் நாலு பேர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். இது ஆசை இல்லை.)

"ஞாயிற்றுக்கிழமை காலை, பல்லடம் பஸ்ஸில் சீனியம்மாள் வயிற்றைப் பிடித்தபடி—"

(இதுவும் வேண்டாம். அவசரம்.)

நேராகவே சொல்கிறேன். முனீஸ் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். விளாத்திகுளம் பக்கமிருந்து பிழைக்க வந்தவன். மனைவி சீனியம்மாள் அதே கம்பெனியில் செக்கிங். இரண்டு முறை பிள்ளை தங்கவில்லை. இரண்டு முறையும் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்தாள். இது மூன்றாவது, ஏழாம் மாதம். டூவீலரில் ஏறவே கூடாது என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லிவிட்டார்.*

அதிலிருந்து வாராவாரம் கார் பார்க்கிறான். ஒரு வண்டி கிளம்பவில்லை, இன்னொன்று நிற்கவில்லை, மூன்றாவதன் அடித்தகடு வழியாக ரோடு தெரிந்தது. கையிருப்பைச் சொன்னதும் புரோக்கர் மகுடேஸ்வரன் மரியாதையாகவே பதில் சொன்னார்: "இந்தக் காசுக்கு நாலு டயரு வேணா வருமுங்க." அப்புறம்தான் அந்த விளம்பரம் அவன் கண்ணில் பட்டது; ஞாயிற்றுக்கிழமை சீனியம்மாளோடு சாமளாபுரத்துக்குப் பஸ் ஏறினான்.

இன்னொன்றும் உண்டு. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து பிள்ளை அசையவில்லை. சீனியம்மாள் இதைப் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. எழுதிக்கொண்டு வரும்போது எனக்கே இந்த இடத்தில்தான் தெரிந்தது. "உடனே ஆஸ்பத்திரிக்குப் போனாள்" என்று எழுதிப் பார்த்தேன். அவள் போகவில்லை. போனால் டாக்டரம்மா வாய்திறந்து சொல்லிவிடுவார், போகாதவரை அது தூங்குகிறது. அப்படியொரு நினைப்பு அவளுக்கு. திட்டலாம் என்று பார்த்தேன், மனம் வரவில்லை.

* ஆட்டோவில் போகலாமே என்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். "நம்ம ஊரு ரோட்டுல ஆட்டோல போனா தின்ன இட்லியே வயித்துல தங்காது, பிள்ள தங்குமா?" என்றான் முனீஸ்.

3

சாமளாபுரத்தில், கார் விற்கிற பொங்கியண்ணனின் தறிக்குடோன். தோட்டங்காட்டை வைத்திருந்த குடும்பம், இப்போது விசைத்தறி. உள்ளே தறிகள் ஓடுகிற ஓட்டத்தில் பக்கத்தில் நிற்பவரிடமும் கத்தித்தான் பேச வேண்டும். குடோனை ஒட்டித் தகரக் கொட்டகையில் வெள்ளைக் கார், கழுவித் துடைத்து நின்றது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இது தானமில்லையே என்று முனீஸ் குனிந்து, படுத்து, கதவைத் தட்டியெல்லாம் பார்த்தான். ஒரு குறையும் தெரியவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"ஆக்சிடெண்ட் வண்டியாண்ணே?"

"வண்டிக்கு ஒண்ணுமே ஆகலீங்க."

(இங்கே நான் "இல்லீங்க" என்றுதான் எழுதியிருந்தேன். பிரதி எடுக்கும்போது பதில் இப்படி மாறியிருந்தது.)

"என்ன வெல சொல்லுதீக?"

"வெலையப் பத்தி அப்பறம் பேசிக்கலாமுங்க. அம்மிணி பின்னால ஏறி உக்காரட்டுங்க."

பொங்கியண்ணன் குடோன் வாசலில் நின்று கையை உயர்த்தினார். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசித் தறியும் நின்றதும் வந்த அமைதியில் முனீஸுக்குத் தன் மூச்சே பெரிதாகக் கேட்டது.

"கவுளி சொல்லோணுங்க," என்றார் அவர். "சொன்னாத்தான் வண்டி."*

* கவுளி என்பது பல்லி. கொங்கு நாட்டில் அது சொன்னால்தான் பெண் கொடுப்பார்கள், கிணறு வெட்டுவார்கள். கார் விற்க யாரும் கேட்டதாக எனக்குத் தெரியாது.

4

சீனியம்மாள் இடது கதவைத் திறந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள். பிறகு கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.

அந்த இரண்டாவது வாக்கியம் என்னுடையதல்ல. கோடு போட்டு அடித்தேன். அடுத்த பிரதியில் மறுபடி நகர்ந்தாள். ஏன் நகர்ந்தாள் என்று அவளுக்கும் தெரியாது. பஸ்ஸில் சின்னப்பிள்ளை ஏறினால் நாம் யோசித்தா நகர்கிறோம்?

பொங்கியண்ணன் அதைப் பார்த்துவிட்டார்.

"எம் பொண்ணுங்க. தரணின்னு பேரு, அஞ்சு வயசு. ஊருக்குப் போறம்னதும் எல்லார்த்துக்கும் முந்தி வந்து ஏறி உக்காந்துக்கிட்டா. கதவு பூட்டிக்கிச்சு. சித்தர வெயிலுங்க. கூப்புட்டிருக்கறா. தறி ஓடீட்டிருந்துச்சுங்க, எனக்குக் கேக்கலீங்க." மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்ப யாரு வந்தாலும் தறிய நிறுத்தீட்டுத்தானுங்க கேக்கறது. எத்தனையோ குடும்பம் வந்துச்சு. அவ ஒருத்தருக்கும் சொல்லுல."

அப்போது கவுளி சொன்னது. கொட்டகையிலிருந்து அல்ல, காருக்குள்ளிருந்து.

அதே நேரத்தில் சீனியம்மாளின் வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது.

(தகரக் கொட்டகையில் நிற்கும் காரில் பல்லி குடியிருப்பது அதிசயமா? திடீரென்று சத்தம் நின்றால் வயிற்றுப்பிள்ளை அசையும் என்று படித்தவர்கள் சொல்லக்கூடும். சொல்லட்டும். இதை எழுதிய அன்று நான் விளக்கை அணைக்காமல்தான் படுத்தேன்.)

"உங்ககிட்ட இருக்கறதக் குடுங்க, போதும்," என்று பொங்கியண்ணன் சாவியை நீட்டினார்.

5

முதல் முடிவு: முனீஸ் அவளை இறக்கிக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறான். பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் வயிறு மறுபடி அடங்கிவிடுகிறது. எழுதினேன். என்னாலேயே படிக்க முடியவில்லை, கிழித்துவிட்டேன்.

இரண்டாம் முடிவு: வாங்குகிறார்கள். பெண் பிறக்கிறது, சுகமாக வளர்கிறது. கொங்குப் பேச்சில் வாங்க போங்க என்று பேசுகிறது. "திருப்பூர்ல பெறந்த பிள்ள அப்படித்தான் பேசும்," என்று முனீஸ் பெருமையாகச் சிரிக்கிறான். நியாயம்தான். ஆனால் ஒவ்வொரு முறை காரில் ஏறும்போதும் அது அவன் கையைப் பிடித்துக்கொள்கிறது: "கண்ணாடிய ஏத்தாதீங்கப்பா." எல்லாப் பிள்ளைகளுக்கும் காற்று பிடிக்கும் என்று அடுத்த வரி எழுதினேன். நானே அதை நம்பவில்லை.

மூன்றாவது—

6

மூன்றாவதற்கு வழியில்லாமல் மறுபடி கொட்டகைக்கே போனேன். அங்கே அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எறங்கு சீனி. இந்த வண்டி நமக்கு வேண்டாம், போயிருவோம்."

"நேத்துலருந்து அசையல. உங்ககிட்ட சொல்லல. இங்க வந்து உக்காந்ததும் அசையுது. எறங்க மாட்டேன்."

முனீஸ் கார்க் கதவோரம் குனிந்தான். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்: "ஏட்டி, அது நம்ம பிள்ளையா?"

"என் வயித்துலல்லா கெடக்கு," என்றாள் சீனியம்மாள். சாவிக்காகக் கையை நீட்டினாள்.

அவளை நான் தடுக்கலாம். ஒரு வாக்கியம் போதும், கை கீழே இறங்கிவிடும். ஆனால் அந்தக் கையை இரண்டு முறை வெறுமையாக வீட்டுக்கு அனுப்பியவன் நான்தான். மூன்றாம் முறையும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்கிக்கொள் என்று சொல்லவும் தைரியமில்லை.

உங்களுக்கு வாய் வந்தால் சொல்லுங்கள். தறிகள் இன்னும் நின்றுதான் இருக்கின்றன. நீங்கள் சொன்னால் அவளுக்குக் கேட்கும்.