சாமி அறையில் எரியும் லைற்

…மணிச் சத்தம் கேட்டதும் செல்வரட்ணத்தின் கை கதவுக்குப் போகவில்லை, ஊதுபத்திப் பெட்டிக்குத்தான் போனது, இரண்டைக் கொளுத்தி ஒன்றை ரீவிக்குப் பக்கத்திலும் மற்றதைக் குளொசெற் வாசலிலும் குத்திவைத்த பிறகுதான் யார் வந்திருக்கிறார்கள் என்ற யோசனையே வந்தது, பொலிசா, பொலிசென்றால் மணி அடித்துவிட்டு இவ்வளவு பொறுமையாக நிற்பானா, கூட்டாளி வின்சன்றாக இருக்குமோ, அவன் போன் எடுக்காமல் வரமாட்டான்… கீழே கார் பார்க்கில் பெடியள் வெடி கொளுத்துகிறார்கள், விக்டோரியா டே, கனடாக்காரருக்கு எந்தக் காலத்திலோ செத்துப்போன ஒரு மகாராணிக்குப் பிறந்தநாள், கொளுத்தட்டும், அவர்களுக்கு என்ன தெரியும், வன்னியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று காலையிலிருந்து ரீவி சொல்லிக்கொண்டிருப்பது இந்தக் கட்டடத்தில் பாதிப் பேருக்குத்தான் செய்தி, மீதிப் பேருக்கு லீவு. கதவுத் துளையால் பார்த்தான். மேல் மாடி அன்னம் அன்ரி. கையில் கடைப் பை, பைக்குள் வெள்ளைப் பூ.

திறக்காமல் விட்டிருக்கலாம், ஆள் இல்லை என்று போயிருப்பார், ஆனால் ஆள் இல்லாத வீட்டில் ஊதுபத்தி தானாகவா கொளுத்திக்கொள்ளும்… தன் புத்தியைத் தானே நொந்துகொண்டு திறந்தான். அன்ரியின் கண் இரண்டும் வீங்கியிருந்தன. “வீட்டிலை ஒரே ரீவிச் சத்தம் தம்பி, மருமோன் சானல் மாத்தி மாத்திப் பாத்துக்கொண்டிருக்கிறார், சாமி படத்துக்கு முன்னாலை ரெண்டு நிமிசம் இருக்கேலாமல் கிடக்கு, உம்மடை சாமி அறையிலை கொஞ்ச நேரம் இருந்திட்டுப் போறனே,” என்றபடி செருப்பைக் கழற்றினார். சாமி அறை. ஓம், சாமி அறைதான், ஒரு காலத்தில், இந்தக் குளொசெற்றில் கோட்டுக் கொழுவும் கம்பியைக் கழற்றி, தட்டு அடித்து, சிவப்புத் துணி விரித்து, பிள்ளையாரை நடுவில் வைத்து அருள்மலர் அதைச் சாமி அறையாக்கினாள், சரஸ்வதி பூசைக்கு இதே அன்ரி வந்து இதே வாசலில் இருந்து தேவாரம் பாடினவர், நாரி பிடித்து, குனிந்து நிமிர முடியாமல் வேலை போய், வீட்டில் வாய்ச்சண்டை முற்றி, அருள்மலர் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு யூனியன்வில்லில் தமக்கை வீட்டுக்குப் போனபோது படங்களை ஒவ்வொன்றாகச் சேலையில் சுற்றிக் கொண்டுபோய்விட்டாள், புருசனை விட்டுவிட்டுப் போகலாம், சாமியை விட்டுவிட்டுப் போகலாமா… வெறும் தட்டு மட்டும் மிஞ்சியது. அந்தத் தட்டில்தான் வின்சன்ற் தயிர்ப் பேணிகளில் கொண்டுவந்த கன்றுகளை இறக்கினான், நாரி நோவுக்கு நல்லது மச்சான், நித்திரையும் வரும் என்றான், சுருள் சுருளாய் இருக்கிற பல்ப்புகளையும் அவனே பூட்டிக் கொடுத்தான், கன்றுகள் பேணியை விட்டு வாளிக்கு மாறி இப்போது இடுப்பளவு நிற்கின்றன. பிள்ளையார் இருந்த இடத்தில் கஞ்சா. முதல்நாள் இதை நினைத்துச் சிரித்தது அவன்தான்.

“லைற் எரியுதே,” என்றார் அன்ரி. கதவுக்குக் கீழே மஞ்சள் கோடு, துவாய் சுருட்டி அடைத்து வைக்கிற வழக்கம், இன்றைக்குப் பார்த்து மறந்துபோனான், ரீவியைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் மறந்துபோனான். “நீராவது விளக்கு அணையாமல் வைச்சிருக்கிறீர் தம்பி. லிஃப்ற் வரைக்கும் ஊதுபத்தி மணம். நான் மோளிட்டைச் சொல்லுறனான், அந்தத் தம்பியின்ரை பக்தி ஒருத்தருக்கும் வராதெண்டு.” ஐயோ. அந்த ஊதுபத்தி எதற்கு என்று தெரிந்தால் இந்த மனுசி என்ன செய்யும், காறித் துப்பினாலும் துடைக்காமல் நிற்க வேண்டியதுதான்… சண்டையை நிறுத்தச் சொல்லி நெடுஞ்சாலையில் சனம் ஏறி இருந்த அன்றைக்கு இவனும் கொடி பிடித்துக்கொண்டுதான் போனான், பொய்யில்லை, பிள்ளைத் தள்ளுவண்டிகளோடு பெண்கள் தார் ரோட்டில் இருந்தார்கள், அன்ரியும் கொண்டைக்கு மேலால் குளிர் தொப்பி போட்டுக்கொண்டு இருந்தார், திடீரென்று ஒரு நினைப்பு, இரண்டு நாளாய்த் தண்ணீர் ஊற்றவில்லை, இலை தொங்கப்போகிறது என்று, “நாரி நோகுது அன்ரி” என்று சொல்லிவிட்டு மெல்ல நழுவி வந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றினவன் இவன். போய்ப் படும் தம்பி, உடம்பைப் பாரும் என்று அனுப்பிவைத்தவரும் அவர்தான். இன்றைக்கும் அந்த நாரியைப் பற்றித்தான் முதலில் விசாரித்தார்.

அன்ரியின் கை கதவுப் பிடியில். சாவி தொலைந்தது என்று சொல்லலாமா, குளொசெற்றுக்கு ஏது சாவி, உள்ளே ஒரே குப்பை என்று சொல்லலாம், லைற் எரிகிற குப்பையா, ஏதாவது சொல்லு, வாயைத் திற… “திறக்காதேங்கோ அன்ரி, துடக்கு.” சொன்னபிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. அன்ரியின் கை தானாக விலகியது, விலகாதா, செத்தவீட்டுத் துடக்கென்றால் முப்பத்தொன்றாம் நாள் முடியும்வரை சாமி அறைப் பக்கம் யாரும் போகமாட்டார்கள், அன்ரியும் அப்படியே வளர்ந்தவர், இவனும் அப்படியே, எவ்வளவு கெட்டித்தனமான பொய், இதைவிட நல்ல பூட்டு உலகத்தில் இல்லை. “ஆருக்குத் தம்பி?” அதை அவன் யோசிக்கவில்லை. துடக்கென்றால் யாராவது செத்திருக்க வேண்டுமே. “அண்ணைக்கு,” என்றது வாய். “ராஜசேகரன் அண்ணைக்கு.” தேடவேயில்லை, பெயர் நாக்கிலேயே இருந்தமாதிரி வந்தது, பொங்கல் முடிந்து ஒருநாள் பங்கருக்குள் இருந்து போன் எடுத்து, பின்னால் இடி இடித்துக்கொண்டிருக்க, உனக்கு இப்ப நாரி எப்பிடி என்று கேட்ட அண்ணை, அந்த நாளில் ஒருத்தர்தான் வெளிநாடு போகலாம் என்றபோது நீ போடா என்று விமான நிலையத்துக்கு அனுப்பிவிட்ட அண்ணை, அந்தப் பொங்கல் போனுக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை, இருக்கிறாரோ இல்லையோ, இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை… இப்போது சொல்ல ஒரு ஆள் கிடைத்துவிட்டான், கூடப்பிறந்தவன், நாலு செடிக்காக.

“அப்ப லைற்?” என்று கேட்டார் அன்ரி. கேட்பார் என்று தெரியும். “இப்பத்தான் செய்தி வந்தது… நிப்பாட்ட மனம் வரேல்லை.” “வராது ராசா, எப்பிடி வரும்,” என்று அன்ரி அவன் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்து ஓவென்று அழுதார், தொட்டால் போய்த் தலை முழுக வேண்டும், தெரிந்தும் தொட்டார், வன்னியில் அகப்பட்ட தன் தங்கச்சி குடும்பத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை, அவர்களுக்காகத்தானே பூவோடு வந்தவர், அந்தப் பூவை மூடின கதவடியில், மஞ்சள் கோட்டின் மேல் வைத்துவிட்டு அவனையும் இருத்தி நிலத்தில் இருந்தார். “இஞ்சை அடுப்பு மூட்டாதையும், முப்பத்தொண்டு முடியுமட்டும் சாப்பாடு நான் கொண்டுவாறன். ஆருக்கும் சொன்னனீரோ? நான் சொல்லிவிடுறன்.” வேண்டாம் அன்ரி என்று சொல்லவேண்டும், இப்பவே சொல்லவேண்டும், எழுந்து கதவைத் திறந்து இதுதான் அன்ரி என்ரை பக்தி என்று காட்டிவிட்டால் இந்த வெட்கம் ஒருநாளோடு போய்விடும், எழுந்தான்கூட, ஆனால் கண்ணீர் வந்துவிட்டது, உண்மையான கண்ணீர், நாலு மாதம் வராதது பொய் சொன்னதும் வருகிறது, எதற்கு அழுகிறாய், அண்ணைக்கா, பிடிபடாமல் தப்பினதற்கா… இதைக் கேட்கவும் வெட்கமாக இருந்தது. கீழே மறுபடி வெடி.

அப்போது போன் அடித்தது. போனின் சின்னக் கண்ணாடியில் இலக்கம் விழவில்லை, இலங்கையிலிருந்து வந்தால்தான் இப்படி இலக்கம் விழாமல் அடிக்கும், பொங்கலுக்குப் பிறகு இப்படி அடிக்கவேயில்லை. வன்னியிலிருந்து முகாமுக்கு வந்து சேர்ந்தவர்கள் யார் யாருடையதோ போன் வாங்கி எடுக்கிறார்கள் என்று நேற்றும் ஒருவன் சொன்னான். “எடும் தம்பி,” என்றார் அன்ரி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “துக்கம் கேக்க எடுக்கினம் போலை.” அவர் பக்கத்திலேயே இருந்தார், அவனையே பார்த்துக்கொண்டிருந்தார், கதவடியில் பூ, பூவில் வெளிச்சம், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் போன். கடவுளே, அண்ணையாக இருக்கக்கூடாது என்றுதான் முதலில் நினைத்தான். அண்ணையாக இருக்கவேண்டும் என்ற நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது, பிறகென்றால் எவ்வளவு பிறகு, ஒரு மூச்சா, இரண்டு மூச்சா… போன் அடித்துக்கொண்டேயிருந்தது.