காலடி மண்

அயர்லாந்திலிருந்து ஆலங்குடி ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வந்த நோராவுக்கு அது முதல் கோடை. கையால் சாப்பிடப் பழகியிருந்தாள். ரசம்தான் இன்னும் முழங்கைவரை வழிந்தது.

அற்புதமேரியின் குழந்தை குறைமாதத்தில் பிறந்தவன். புதன்கிழமைதோறும் தராசில் வைப்பார்கள், எடை ஏறாது. ஒரு புதன்கிழமை ஏறியது. நோராவால் சந்தோஷம் தாங்க முடியவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி, காத்திருந்த பெண்களுக்கெல்லாம் காட்டினாள்.

"பாருங்கள், எவ்வளவு அழகு! குண்டு, குண்டு!"

யாரும் சிரிக்கவில்லை. அற்புதமேரி பிள்ளையை வாங்கி முந்தானையால் மூடிக்கொண்டாள்.

அடுத்த புதன்கிழமை அவள் வரவில்லை. அவனுக்கான பால்பவுடர் டின் மேஜைமேலேயே இருந்தது. மறுநாள் நோரா டின்னைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு திருவரங்குளம் பக்கமிருந்த அவள் வீட்டுக்குக் கிளம்பினாள்.

அற்புதமேரி வாசலை மறித்து நின்றாள். "புள்ள தூங்குதுங்க."

உள்ளே மெலிந்த அழுகுரல் கேட்டது. "அழுகிறான் அல்லவா?" என்றாள் நோரா.

முற்றத்தில் கடலை உடைத்துக்கொண்டிருந்த மாமியார் இன்னாசியம்மாள் நிமிர்ந்தாள்.

"சொல்லிருடி, எதுக்கு மென்னு முழுங்குற? கண்ணு பட்டுருச்சும்மா, ஒங்க கண்ணுதான். வயித்தால போகுது, பால் குடிக்க மாட்டேங்குறான். காலடி மண்ணெடுத்துச் சுத்திப் போடலாம்னா, நீங்க பூட்ஸுல்ல மாட்டிக்கிட்டுத் திரியிறீங்க! மண்ணுக்கு எங்கிட்டுப் போறது?"

"அத்தே, சும்மா இருங்க!"

நோராவுக்குப் பாதிதான் புரிந்தது. பழி தன்மேல் என்பது புரிந்தது. தன்னிடம் ஏதோ வேண்டும் என்பதும் புரிந்தது. குனிந்து பூட்ஸைக் கழற்றினாள். பிறகு காலுறைகளையும். முற்றத்துச் செம்மண் கொதித்தது. துள்ளினாள்.

"ஆடாதீங்க, அழுத்தி மிதிங்க! பாதத்தப் பாருடி, வெள்ளரிப்பிஞ்சாட்டம்!"

அற்புதமேரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள்.

இன்னாசியம்மாள் அந்த மண்ணோடு உப்பும் மிளகாயும் சேர்த்துக் குழந்தையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். "பாத்தீங்களா, நெடியே இல்ல! எம்புட்டுப் பெரிய கண்ணு!"

நோராவுக்குத் தொண்டை கமறியது. இருமக் கூடாது என்று மட்டும் தோன்றியது. கண்ணில் நீர் வழிய மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். அந்தக் கண்ணீரைப் பார்த்த அற்புதமேரி பிள்ளையைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள்.

அவன் உதடுகள் உலர்ந்திருந்தன. ஆறவைத்த வெந்நீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து நோரா சொட்டுச் சொட்டாக ஊட்டினாள். முதலில் துப்பினான். பிறகு விழுங்கினான். மறுபடி வாயைத் திறந்தான்.

"குடிக்கிறானா?" என்று இன்னாசியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"குடிக்கிறான்" என்றாள் நோரா. வேறொன்றும் சொல்லவில்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டாரணுமா?"

"இப்போதே."

"இருங்க, சேலை மாத்திக்கிட்டு நானும் வாரேன்" என்றாள் இன்னாசியம்மாள்.