எஸ்டேட்டம்மாவுக்கு வளையல்

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊரே சினிமாவுக்குப் போகும். பேபியும் முனியனும் சிலை பார்க்கப் போவார்கள். காசு செலவில்லாத பொழுதுபோக்கு, வேறென்ன. யாரோ ஓர் அதிகாரிக்குக் கலை மேல் ஆசை வந்து, அந்த எண்பத்தெட்டாம் வருஷம் திருமழிசை தொழிற்பேட்டையில் முக்குக்கு முக்கு சிமெண்டுச் சிலைகள் முளைத்திருந்தன. சம்மட்டி ஓங்கிய ஆள், உடம்பு பெருத்த புறா, இன்னதென்று சொல்லவே முடியாத வளையங்கள். லேத்து பட்டறையில் வேலை செய்யும் முனியன், எல்லாவற்றையும் தானே செய்த மாதிரி பெண்டாட்டிக்கு விளக்கம் சொல்வான்.

கடைசியாக பஸ் நிறுத்தத்துச் சிலைக்கு வருவார்கள். பல்சக்கரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கும் பெண் தொழிலாளி. இரண்டாள் உயரம். முகம் மட்டும் அச்சு அசல் பேபி. சிலை வேலைக்கு அவள் சிமெண்டு சுமந்தபோது, சிற்பி தசரதன் "கொஞ்சம் இப்படித் திரும்பி நில்லுங்கக்கா" என்றான், நின்றாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

வினை பிறகுதான் வந்தது. சுற்றுப்பட்டுப் பெண்கள் சிலையை அண்ணாந்து பார்த்தார்கள். பெரிய கண், முந்தானை, கையில் சக்கரம். அம்மன் இல்லாமல் வேறு யார்? ஒரு காலையில் பாதத்தில் மஞ்சள் ஏறியது. அப்புறம் வேப்பிலை, எலுமிச்சை, கற்பூரம். தொழிற்பேட்டையை எஸ்டேட் என்றே சொல்லிப் பழகியவர்கள், எஸ்டேட்டம்மா என்று பேரும் வைத்துவிட்டார்கள். மஞ்சளைச் சுரண்டிய வாட்ச்மேனுக்குக் காய்ச்சல் வந்ததும் அவரே எலுமிச்சை மாலையோடு வந்து நின்றார். பேபிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பஸ் நிறுத்தத்தைச் சுற்றிக்கொண்டு வேறு தெரு வழியாக நடந்தாள்.

இதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிடலாம். ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் பாரிவாக்கத்திலிருந்து பஸ் ஏறி நாகம்மாவும் வரத் தொடங்கினாள். நாகம்மா முனியனைப் பெற்றவள். தம்பி மகளை அவனுக்குப் பேசி வைத்திருந்தாள். அவன் பேபியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றதும், "ரெண்டு பேரும் என் ஊட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்று சொன்னவள்தான். அதன்பிறகு மருமகளிடம் ஒரு வார்த்தை இல்லை.

பேபிக்கு இப்போது ஏழாம் மாசம். அம்மா இல்லாத பெண். வளையல் அடுக்கிவிட ஒரு பெரிய மனுஷியின் கை வேண்டுமே என்று ராப்பகலாக ஏங்கினாள். முனியன் அம்மாவிடம் போய்க் கெஞ்சிப் பார்த்தான். அவள் சோறு மட்டும் போட்டு அனுப்பிவிட்டாள்.

அப்படிப்பட்டவள் சிலையின் காலுக்கு மஞ்சள் பூசி, முகத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றதை டீக்கடை மறைவிலிருந்து பேபி பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்து அழுதாள்.

"சிமெண்டுக்கு மஞ்ச பூசுதுய்யா உங்கம்மா. நான் உசிரோட கீறேன், என்னைத் திரும்பிப் பாக்கல."

"அது உன் மூஞ்சின்னு அதுக்குத் தெரியாதுடி."

ஆடிப்பூரம் வந்தது. அம்மனுக்கு வளையல் சாத்தி, அதில் நாலு வளையலைக் கர்ப்பிணிப் பெண்களுக்குக் கொடுப்பது வழக்கம். யாரும் போட்டுவிடாவிட்டால் போகிறது, அந்தப் பிரசாத வளையலையாவது நாமே மாட்டிக்கொள்வோம் என்று பேபி கிளம்பினாள். தன் முகத்திடமே வளையல் கேட்கப் போகும் நிலைமை வேறு யாருக்கு வரும்.

சிலையின் மணிக்கட்டு ஆளின் தொடை அளவு இருந்ததால், பெண்கள் வளையல்களைக் கயிற்றில் கோத்து மாலையாகச் சாத்தினார்கள். கூட்டம் கலையட்டும் என்று பேபி ஒதுங்கி நின்றாள். எல்லோரும் போன பிறகும் ஒருத்தி மட்டும் காகிதப் பொட்டலத்தைப் பிரிக்காமல் நின்றிருந்தாள். நாகம்மா.

திரும்பிப் போய்விடலாமா என்று பேபியின் கால் தயங்கியது. மனசு கேட்கவில்லை. கிட்டே போனாள்.

"அத்தே, கயிறு மிச்சம் கீது. நான் கோத்துத் தரட்டா?"

"இது கோக்கறதுக்கு இல்ல."

நாகம்மா பொட்டலத்தைப் பிரித்தாள். பச்சையும் சிவப்பும் கலந்த கண்ணாடி வளையல்கள். சின்ன அளவு.

"இது அம்மன் கைக்குச் சேராதே அத்தே."

"அம்மனுக்கு யாரு வாங்கனா?" நாகம்மா தரையைப் பார்த்தே பேசினாள். "மொத நாளே பாத்தேன், உம் மூஞ்சின்னு. உன் ஊட்டாண்ட வந்து நிக்க எனக்கு மொகம் இல்ல. இங்க வந்தா நீ என்னிக்காச்சும் எதிர்ல வருவன்னு வந்துகினு இருந்தேன். நீ இன்னாடான்னா டீக்கடை பின்னாலயே நின்னுட்ட. கைய நீட்டு."

பேபி நீட்டினாள். மாசமான உடம்பு, கை ஊதியிருந்தது. வளையல் கட்டைவிரல் எலும்பில் இடித்து நின்றது. நாகம்மா விரல்களைக் கூட்டிப் பிடித்து மெல்ல ஏற்றினாள்.

"வலிக்குதா?"

வலித்தது. இல்லை என்று தலையாட்டிவிட்டு, பேபி மற்ற கையையும் நீட்டினாள்.